மைக்கில் சொன்னேன், வந்து நின்றார்கள்

ஆட்டோ நிற்பதற்குள் கோபி குறுக்கே வந்துவிட்டார். செல்வம் பிரேக்கைப் பிடித்த பிடியில் என் மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே போனது.

“அக்கா, என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? பொம்பளைங்களா வந்து நிக்கிறாங்க!”

“நிக்கட்டுமே தம்பி. பொம்பளைங்க ஓட்டு ஒங்களுக்கு வேணாமா?”

“ஓட்டு வேணும்க்கா. கியூவுலதான் வேணாம்.”

கீழவாஞ்சூர் சாலையோரத்தில் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கத்தின் கொட்டகை. சட்டமன்றத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எதிர்ச் சாரியில் தார்ப்பாய் போர்த்திய லாரிகள் வரிசையாக நின்றன. துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும்போதெல்லாம் பூவரச இலைகளின் மேல் படிந்த கரித்தூள் கிளம்பி டீக்கடை கண்ணாடி டம்ளர்களில் இறங்கியது. அந்தச் சாலையில் அதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஊதிவிட்டுக் குடிப்பார்கள்.

கோபி, அந்தத் தேர்தலில் நான் மைக் பிடித்த கட்சியின் விளம்பரப் பொறுப்பாளர். கைக்கு ஒரு போன் வைத்திருப்பார், இரண்டிலும் ஒரே நேரத்தில் பேசுவார். நல்ல பிள்ளைதான். அன்றைக்கு வேட்பாளர் வந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சங்க அட்டையைக் கையால் கொடுப்பதாகவும், அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவதாகவும் ஏற்பாடு. அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையோடு இளைஞர்களை வரச் சொல்லியிருந்தார். அவர்களும் வந்திருந்தார்கள், பூவரச மரத்தடியில், செல்போனைப் பார்த்தபடி.

ஆனால் கொட்டகை வாசலில் முதலில் நின்றது அவர்கள் இல்லை. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள். குடோனில் சாக்கு தைக்கிறவர்கள். வேலைக்குப் போகிற உடுப்பிலேயே வந்திருந்தார்கள். முதல் ஆளாக நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

“கொரலுக்கு சொந்தக்காரவங்க வந்துட்டாங்க. இனிமே கவலயில்ல” என்றாள் பக்கத்திலிருந்தவளிடம்.

எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்த நாள் சும்மா போகப் போவதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு தலை

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. நான் கோவில்பத்துக்காரி. ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு காரைக்கால் தெருக்களில் அறிவிப்புச் செய்கிறவள். ஊரில் மைக்கக்கா என்றால்தான் தெரியும். வண்டி ஓட்டுவது செல்வம். நான் பேசுவதை இத்தனை வருடம் கேட்டும் காது கெடாத ஒரே மனிதர்.

இந்தத் தொழிலை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் புறப்படுவதை மைக்கில் சொல்கிறவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. நாகூர் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, ஜனம் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் முழிக்கிறது. நான் உள்ளே போய் மைக்கைப் பிடித்து, “நாகூர் செல்லும் பயணிகள் வண்டியில் ஏறவும்” என்றேன். அவ்வளவு பேரும் ஏறினார்கள். டீ குடித்துவிட்டு வந்தவர் என்னைத் திட்டவில்லை. “நாளைக்கும் வா” என்றார்.

அதற்குப் பிறகு நானே கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அதில் முதல் பாடம், ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு தலை உண்டு. துக்கச் செய்தி என்றால் “ஆழ்ந்த வருத்தத்துடன்” என்று தொடங்க வேண்டும். துணிக்கடைத் தள்ளுபடி என்றால் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்த வேண்டும். தேர்தல் என்றால் “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே.” நகராட்சியோ கொம்யூன் பஞ்சாயத்தோ கொடுக்கிற அறிவிப்பென்றால் “பொதுமக்களின் கவனத்திற்கு.”

இந்தக் கடைசித் தலைக்கு ஊரில் இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. அதைச் சொன்னால் மிக்ஸியை நிறுத்துவார்கள். ஷேவ் பண்ணிக்கொண்டிருப்பவர் நுரையோடு வாசலுக்கு வருவார். நாளைக்குத் தண்ணீர் வராது என்று நான் சொன்னால் இன்றைக்கே குடம் நிரம்பும். கரண்ட் இருக்காது என்றால் அன்று சாயங்காலமே மாவு அரைத்து வைத்துவிடுவார்கள். மெய்யா பொய்யா என்று ஒருவரும் யாரையும் கேட்பதில்லை. புயல் நேரத்தில் கருக்களாச்சேரியில் படகைக் கடலுக்குத் தள்ளப் போனவர்கள், என் குரல் கேட்டு மறுபடியும் கரைக்கு இழுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தேர்தல் அறிவிப்புக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. நாம் ஒன்று சொன்னால் ஜனம் ஒன்பது சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் தேர்தல் வேலையை விரும்பி எடுப்பேன்.

“அன்பார்ந்தன்னு சொல்லிட்டு மத்தியானத்துல வந்து கத்துறியே, இந்தப் புள்ளைய தூங்க வெச்சுட்டு போயி ஓட்டு கேளு” என்பாள் ஒருத்தி.

கருக்களாச்சேரியில் ஒரு மீன்காரம்மா கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே கேட்டார்: “எல்லாருக்கும் ஆபீசுல வேல குடுத்துட்டா கடல்ல யாருடி எறங்குறது, ஒங்க வேட்பாளரா?”

“அவருக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டு சொல்றேன்மா” என்றேன் மைக்கிலேயே. தெரு சிரித்தது. அந்தத் தெருவில் அன்று எங்கள் நோட்டீசை யாரும் கீழே போடவில்லை.

ஹெல்மெட் மாப்பிள்ளை

வேலை, வேலை, வேலை. எங்கள் பக்கத்தில் எந்தத் தேர்தல் வந்தாலும் இந்தச் சொல்தான் பேனரில் பெரிதாக இருக்கும். நெல் விளைகிற ஊர்களில் பட்டம் படித்த பிள்ளைகள் நிறைய. தெருவுக்குச் சில வீடுகள் வளைகுடாப் பணத்தில் எழும்பியவை. அங்கே போய்வந்தவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான், இங்கேயே ஒரு வேலை இருந்தால் ஏன் போகிறோம் என்று. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்தால் ஒரு நொடியாவது எல்லாருக்கும் கண் நிற்கும்.

அந்த பேனர்களில் ஒரு பையன் வருவான். மஞ்சள் ஹெல்மெட், கையில் சுருட்டிய வரைபடம், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. எந்த ஊர்க்காரன் என்று தெரியாது. இன்டர்நெட்டில் கிடைத்த படம். ஒரே பிரிண்டிங் கடையில் எல்லாக் கட்சிகளும் பேனர் அடிப்பதால் எல்லாக் கட்சியிலும் அவனே நிற்பான். ஜனங்கள் அவனுக்கு ஹெல்மெட் மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“இவனுக்கு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் வேல கெடச்சிருது பாரு” என்று பஸ்ஸில் ஒருவர் சொல்ல, “அவனும் காண்ட்ராக்டுதாங்க, ஓட்டு எண்ணுனதும் தூக்கிருவாங்க” என்று பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. இந்த மாதிரிப் பேச்சுகளை யார் எழுதி வைக்கிறார்கள்? நான்தான் இப்படி வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கோபிக்கு இதுதான் கவலை. பேனரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், மைக்குக்கு எதிர்ப்பேச்சு பேசுகிறார்கள், யாரும் நின்று கேட்பதில்லை.

ஒரு நாள் தெருவில் கொம்யூன் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தேன். கோபி பைக்கில் பின்னாலேயே வந்தார். வாசல்களில் ஜனம் வந்து நிற்பதைப் பார்த்தார். மறுநாள் புதுத் தாளோடு வந்தார்.

“அக்கா, இந்தத் தடவ ‘அன்பார்ந்த’ வேணாம். ‘பொதுமக்களின் கவனத்திற்கு’ன்னு ஆரம்பிங்க.”

“தம்பி, அது சர்க்கார் அறிவிப்புக்கு உள்ளது. ஜனங்க நெஜம்னு எடுத்துப்பாங்க.”

“நம்ம சொல்றதும் நெஜந்தானேக்கா” என்றார் கோபி. அந்தப் பிள்ளை அதை நம்பித்தான் சொன்னார்.

தாளில் இருந்தது இவ்வளவுதான். கீழவாஞ்சூர் வட்டாரத்தில் வேலைவாய்ப்பு. தொழிற்சங்கத்தில் சேருகிறவர்களுக்கு வேலை உறுதி. ஞாயிறு காலை சங்கக் கொட்டகையில் உறுப்பினர் சேர்க்கை, சங்க அட்டையை நம் வேட்பாளர் நேரில் வழங்குகிறார். தாய்மார்கள், இளைஞர்கள் அனைவரும் வருக.

தெருத்தெருவாகச் சொன்னேன். எதிர்ப்பேச்சே இல்லை. மிக்ஸி நின்றது. வாசலுக்கு வந்தார்கள். கேட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்கள். கோபிக்கு ஒரே சந்தோஷம்.

“வேல எங்ககிட்ட இருக்கு”

இப்போது கொட்டகை வாசலுக்கு வருவோம்.

முதலில் நின்றவள் பெயர் அமுதா. அவள் பக்கத்தில் மும்தாஜ் என்ற அம்மாள், வயதில் மூத்தவர். மற்றப் பெண்கள் அவரை லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் சங்கச் செயலாளர் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் கொஞ்சம் இறங்கிப்போன மனிதர். கரகரத்த குரல். கட்சிக்காரர்கள் கேட்டதால் கொட்டகையைக் கொடுத்திருந்தார். என் தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவரிடம் யாரும் காட்டவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“சங்கத்துல சேந்தா வேலயா? எவன்யா சொன்னது?” என்று கோபியைப் பார்த்துக் கத்தினார். “இங்க என்ன வேலய கருவாடு மாதிரி கட்டி தொங்க விட்டிருக்கோமா, வர்றவனுக்கு ஒண்ணு கழட்டிக் குடுக்க? கப்பல் வந்தா லோடு, லோடு வந்தா முறை. இருக்குற ஆளுக்கே முறை வர மாட்டேங்குது.”

கோபி, “அண்ணே, மெதுவா...” என்றார்.

“மெதுவா என்ன மெதுவா? ஒங்க மைக்குதான் ஊருக்கே கேட்டுச்சே!” பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. “ஒங்களுக்கு குடுக்க வேல இல்லம்மா. வீட்டுக்கு போங்க.”

அமுதா நகரவில்லை. “அண்ணே, நாங்க வேல கேட்டு வரல. வேல எங்ககிட்ட இருக்கு. சங்கம்தான் இல்ல.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வேலை என்று கூப்பிட்ட விளம்பரத்துக்கு, வேலை உள்ளவர்கள் வந்து நிற்கிறார்கள்.

“இது மூட்ட தூக்குறவங்க சங்கம்மா. நீங்க தைக்கிறவங்க.”

“நாங்க தைக்கலன்னா நீங்க எத தூக்குவீங்க? கிழிஞ்ச சாக்க தூக்கிப் பாருங்க. லாரிக்கு போறதுக்குள்ள பாதி ஒங்க தலையில கொட்டிரும்.”

டீக்கடையிலிருந்த லோடுமேன்கள் சிலர் சிரித்தார்கள். “அண்ணனுக்கு தலையில முடியே அதுலதான் போச்சு” என்று ஒரு குரல் வந்தது. கலியபெருமாள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு டம்ளருக்குள் போனது.

“பொம்பளைங்கள சேத்த வழக்கமில்ல” என்றார்.

“மைக்குல சொன்னாங்களேண்ணே. தாய்மார்கள்னு சொன்னாங்க. அக்கா, நீங்களே ஒருதடவ சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோபி கண்ணால் வேண்டாம் என்றார். நான் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். மைக் இல்லாமலே எனக்கு ஒரு தெரு தாங்கும் குரல் உண்டு. சொன்ன சொல்லைச் சொன்னபடி சொல்ல எனக்கென்ன தயக்கம்?

“பொதுமக்களின் கவனத்திற்கு” என்று தொடங்கினேன்.

எதிர்ச் சாரியில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த ஒரு லாரி கிளீனர் எழுந்து வந்து நின்றான். பழக்கம்! முழுவதையும் சொல்லி முடித்தேன். தாய்மார்கள், இளைஞர்கள் அனைவரும் வருக.

“இதே கொரலுதாங்க” என்றார் மும்தாஜ் லாத்தா. “இந்தக் கொரலு புயலுன்னுச்சு, வந்துச்சு. தண்ணி வராதுன்னுச்சு, வரல. இது மட்டும் எப்புடிங்க பொய்யாப் போவும்?”

“தாய்மார்கள்னு நான் எங்கய்யா சொன்னேன்?” என்று கலியபெருமாள் கோபியைக் கேட்டார்.

“அண்ணே, தாய்மார்கள்னு போடாத தேர்தல் நோட்டீஸ் எங்கண்ணே இருக்கு?” என்று கோபி பரிதாபமாகச் சொன்னார்.

கை கழுவத் தண்ணீர்

கலியபெருமாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அமுதாவைக் கேட்டார்: “சரி, சேந்து என்ன பண்ணப் போற? மெய்யா சொல்லு.”

அவள் கையை நீட்டிக் காட்டினாள். உள்ளங்கையில் கோடுகளுக்குப் பதில் வெடிப்புகள். குடோனில் உர மூட்டைகள் இறங்கும்போது கிழிந்தவற்றைக் கோணி ஊசியால் தைப்பதும், சிந்தியதைக் கூட்டி அள்ளுவதும் இந்தப் பெண்களின் வேலை. உரத்தூள் வெடிப்புக்குள் இறங்கினால் எரியும். அதே கையால் மத்தியானம் சோறு அள்ளிச் சாப்பிட வேண்டும்.

“கை கழுவ ஒரு டிரம்முல தண்ணி வைக்கச் சொன்னேண்ணே. மேஸ்திரிகிட்ட. ‘தண்ணி கேக்குறவ நாளைலேந்து வராத’ன்னுட்டாரு.”

“நீ மட்டுந்தான் கேட்டியா?”

“எல்லாருக்காகவுந்தான் கேட்டேன். நிறுத்துனது என்ன மட்டுந்தான். அவரு நிறுத்துனதுலேந்து இவங்களும் வாயத் தொறக்கல. தொறந்தா இவங்களுக்கும் அதே கதிதானே.”

பின்னால் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். மும்தாஜ் லாத்தா மட்டும், “அதனாலதாம்மா இன்னிக்கி கூட வந்திருக்கோம்” என்றார்.

அமுதா கலியபெருமாளை நேராகப் பார்த்தாள். “ஒங்க ஆளு ஒருத்தர இப்புடி சொல்லிருந்தா நீங்க என்னண்ணே பண்ணிருப்பீங்க?”

அவர் என்ன செய்திருப்பார் என்று அந்தச் சாலையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது வேட்பாளரின் கார் வந்தது.

யார் கையால் வாங்குவது

அரசியலில் நெடுநாள் இருக்கிறவர்களிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. எதிர்பாராததைப் பார்த்தால் எதிர்பார்த்தது போலவே சிரிப்பார்கள். வேட்பாளர் இறங்கினார், கும்பிட்டார், பெண்களைப் பார்த்தார்.

“அருமை! தாய்மார்கள் முன்னாடி வரட்டும். பசங்க பின்னாடி நில்லுங்கப்பா” என்றார். கோபிக்கு மூச்சு வந்தது. கேமராக்காரர் இடம் மாறினார்.

கோபி மேசையிலிருந்த அட்டை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை அமுதாவிடம் நீட்டினார். முகத்தைக் கேமரா பக்கம் வைத்துக்கொண்டு, “வேல கெடச்ச சந்தோஷத்த ஒரு வார்த்த சொல்லும்மா” என்றார்.

அமுதா வாங்கவில்லை. அவர் நீட்டிய கை அப்படியே நின்றது.

“மன்னிச்சுக்குங்கய்யா. இத நான் கலியபெருமாளு அண்ணன் கையால வாங்கிக்கிறேன்.”

“யாரு குடுத்தா என்னம்மா? அட்ட ஒண்ணுதான?”

“நீங்க ஜெயிச்சா பாண்டிச்சேரி போயிடுவீங்க. தோத்தா ஒங்க வீட்டுக்கு போயிடுவீங்க. நாளைக்கு காலையில குடோன் கேட்டுல நிக்கப் போறது இவருதானுங்களே.”

மரியாதைக் குறைவாக ஒரு சொல் இல்லை. ரேஷன் கடை எந்தப் பக்கம் என்று வழி சொல்கிற மாதிரிச் சொன்னாள். கோபி கேமராக்காரரைப் பார்த்து, நிறுத்தச் சொல்லிக் கையால் வெட்டிக் காட்டினார். அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு எடுத்துக்கொண்டே இருந்தார்.

வேட்பாளர் சிரித்தார். இந்த முறை அது கேமராவுக்கான சிரிப்பு இல்லை என்று எனக்குப் பட்டது. “சரியாத்தான் சொல்லுது” என்று அட்டையைக் கலியபெருமாளிடம் கொடுத்தார்.

இப்போது எல்லாக் கண்ணும் அவர் மேல். வாங்கி மேசை மேல் போட்டுவிட்டால் முடிந்தது. கார் போய்விடும், கேமரா போய்விடும், பெண்களும் வந்த வழியே போவார்கள். அவர் அட்டையைப் பார்த்தார். டீக்கடைப் பக்கம் அவருடைய ஆட்களைப் பார்த்தார். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தார். பேனாவைத் திறந்தார்.

“பேரு என்னம்மா?”

“அமுதா.”

“முழுப் பேரு சொல்லு. வீட்டுக்காரரு பேரோட. கேட்டுல அப்புடித்தான் கேப்பான்.”

எழுதினார். ஊதிக் காயவைத்து, எழுந்து நின்று கொடுத்தார். அமுதா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மும்தாஜ் லாத்தா “அல்ஹம்துலில்லாஹ்” என்று சொல்லிவிட்டு, அடுத்த நொடியே, “என் பேர எழுதுங்க. வாப்பா பேரும் சேத்தா சொல்லணும்?” என்று முன்னால் வந்தார்.

பெண்கள் முடிந்ததும் கலியபெருமாள் மரத்தடிக்குப் போனார். இஸ்திரிச் சட்டைப் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசினார். “தம்பிகளா, சங்கத்துல சேந்தா வேல வராது. எங்கயாச்சும் வேலைக்கு சேருங்க, எதாச்சும் ஒண்ணுன்னா இஞ்ச வாங்க. எப்ப வேணாலும் வாங்க.” சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, “அப்ப நீங்க சொன்னது?” என்றான்.

“அது தேர்தல் விளம்பரம் தம்பி. அவரு சொல்றதுதான் சேதி” என்றேன்.

கோபியிடம் அங்கேயே பேசி முடித்துக்கொண்டேன். உங்களுக்குத் தேர்தல் முடிகிற வரை பேசுகிறேன், அந்தத் தலையை மட்டும் இனி போடமாட்டேன், அது ஊருக்குச் சொந்தம். “அப்ப எப்புடிக்கா ஆரம்பிப்பீங்க?” என்றார். மறுபடியும் அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே. ஜனங்களும் சந்தோஷமாக எதிர்ப்பேச்சு பேசத் தொடங்கினார்கள்.

அந்த வீடியோவும் வெளியே வந்தது. பேச்சுச் சத்தத்தை எடுத்துவிட்டு மேலே மேளத்தைப் போட்டு, “வேலை பெற்ற தாய்மார்களின் மகிழ்ச்சி” என்று எழுதியிருந்தார்கள். அமுதாவின் வாய் அசைகிறது, மேளம் அடிக்கிறது. பார்த்துவிட்டுச் செல்வம் ஆட்டோவை ஓரங்கட்டிச் சிரித்தார்.

மறுநாள் காலை

திங்கட்கிழமை எனக்கு அந்தப் பக்கம் வேலை இருந்தது. இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

குடோன் கேட்டில் மேஸ்திரி இரண்டு கையையும் விரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே அமுதா. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள். உள்ளே ஒரு லாரி பின்பக்கம் திறந்தபடி காத்திருந்தது. லோடுமேன்கள் தலைத்துண்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உரத்தின் நெடி சாலை வரை வந்தது.

“நிறுத்தவாக்கா?” என்றார் செல்வம்.

“கேக்கணுமா?”

மேஸ்திரியின் குரல் கேட்டது. “ஒன்ன வராதன்னு சொன்னேன்ல?”

அமுதா அட்டையைக் காட்டினாள். அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “இத கொண்டுபோயி ரேஷன் கடையில குடு. அரிசி தருவான்.”

கலியபெருமாள் லாரிக்குப் பக்கத்தில் நின்றார். அதைக் கேட்டார். தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், கிட்டத்தில் இருந்த மூட்டையின் மேல் விரித்தார், உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்தார். ஒருவர் சாவகாசமாக வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே நின்றுகொண்டிருந்தது லாரி டிரைவர் மட்டும்.

“என்னங்க, லோடு ஏறலியா? நான் கும்பகோணம் போவணுங்க” என்றார் டிரைவர்.

“மேஸ்திரிய கேளுங்க” என்றார் வெற்றிலைக்காரர்.

மேஸ்திரி கேட்டை விட்டுவிட்டு உள்ளே போனார். “என்ன கலியபெருமாளு, ஒரு பொம்பளைக்காக உக்காந்துட்டே?”

“உறுப்பினருக்காகங்க.”

மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற லாரியும் அடித்தது. மேஸ்திரி போனை எடுத்துக்கொண்டு சுவரோரமாகப் போனார். அந்தப் பக்கம் காண்ட்ராக்டராக இருக்க வேண்டும். “ஆமாங்க... இல்லீங்க... எல்லாரும் உக்காந்துட்டாங்க... சரிங்க... சரிங்க” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அமுதா கேட்டுக்கு வெளியே அசையாமல் நின்றாள். கையிலிருந்த அட்டையின் ஓரம் வியர்வையில் வளைந்திருந்தது.

திரும்பி வந்த மேஸ்திரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. “உள்ள வா. ஆனா வாய மூடிக்கிட்டு வேல பாக்கணும், சொல்லிட்டேன்.”

அமுதா ஒரு காலை உள்ளே வைத்தவள் நின்றாள்.

கலியபெருமாள் எழுந்தார். துண்டை எடுத்துத் தட்டி மறுபடியும் தலையில் கட்டினார். “எங்க சங்கத்துல அந்தப் பழக்கமே இல்லீங்க” என்றார்.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்போடு முதல் மூட்டை தோளுக்கு ஏறியது. பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். அமுதா மேஸ்திரியைத் தாண்டும்போது நின்றாள். சண்டைக் குரல் இல்லை, கெஞ்சல் இல்லை.

“தண்ணி டிரம்ம நெழலா பாத்து வைக்கச் சொல்லுங்க மேஸ்திரி. வெயில்ல வெச்சா சுடும்.”